குடிமையும் குருதியும்

'குடிமை' என்னும் சொல் தமிழில் நெடிய வரலாறு உடையது. திருக்குறளில் அஃது ஓர் அதிகாரத்தின் பெயர். பொருட்பாலில் ஒழிபியலைத் தொடங்கி வைக்கும் அதிகாரம். அங்கே அதற்கு நற்குடியில் பிறந்தாரின் தன்மை என்பது பொருள். இன்று நாளிதழைப் பிரித்தால் அதே சொல்லின் வழிவந்த குடிமகன், குடியுரிமை, குடியரசு என்னும் சொற்கள் நம் கண்ணிற் படுகின்றன. ஒருவன் பிறந்த குடும்பத்தைச் சுட்டிய சொல், அவன் வாழும் நாட்டோடு அவனுக்குள்ள உறவைச் சுட்டும் சொல்லாக வளர்ந்துவிட்டது. இவ்வளர்ச்சி சொல்லின் வளர்ச்சி மட்டுமா, மனித சமுதாயத்தின் வளர்ச்சியுமா என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

குடிப்பிறப்பைப் பாட வந்த வள்ளுவரும் அதனை எதனால் அறிவது என்று சொல்லும்போது ஒழுக்கத்தையே காட்டுகிறார். மலர்ந்த முகம், கொடுக்கும் கை, இனிய சொல், பிறரைத் தாழ்த்தாத மனம் ஆகியவையே அவர் சுட்டும் அடையாளங்கள். பெருமையைப் பேசும் மற்றோர் அதிகாரத்தில், பிறப்பு அளவில் உயிர்கள் அனைத்தும் நிகரே என்றும் அறுதியிட்டுச் சொல்கிறார். ஆகவே ஒருவனை அளக்க இரண்டு கேள்விகள் உள்ளன எனலாம். 'நீ எவ்வாறு வாழ்கிறாய்?' என்பது ஒன்று. 'உன் பாட்டன் யார்?' என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு மனிதன் தானே விடை சொல்ல முடியும். இரண்டாவது கேள்விக்கு விடை அவன் கையில் இல்லை. அது என்றோ இறந்துபோனவர் கையில் இருக்கிறது. இந்த இரண்டாவது கேள்வியை ஓர் அரசு சட்டமாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் என்ன நேரும்?

வேங்கடத்தின் அடியில் வாழும் நமக்கு இக்கேள்வி நூலில் மட்டும் காணும் கேள்வி அன்று. தொல்காப்பியப் பாயிரம் வேங்கட மலையைத் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக வகுத்தது. அதற்கு அப்பாலுள்ள நிலத்தைச் சங்கப் புலவர்கள் 'மொழிபெயர் தேயம்' என்றனர். மொழி மாறும் நாடு என்பது அதன் பொருள். நம் முன்னோர் எல்லையைப் பேச்சினால் அறிந்தனர் என்பது இங்குக் கருதத் தக்கது. பேச்சைக் கற்கலாம், மறக்கலாம், இரண்டு பேச்சிலும் ஒருவன் வாழலாம். சித்தூரிலும் திருப்பதியிலும் நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பது அதுதானே? குருதியால் வகுக்கும் எல்லையோ கடக்க முடியாதது. அத்தகைய எல்லையை வகுத்த மூன்று சட்டங்களை முறையே காண்போம்.

நூரெம்பர்க்கில் எழுதிய சட்டம்

ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தது 1933 சனவரியில். அப்போது அந்நாட்டு யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர். மொத்த மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாக ஜெர்மன் மொழியில் பேசி, எழுதி, வாணிகம் செய்து, முதல் உலகப் போரில் அந்நாட்டுக்காகப் போரிட்டவர்கள். 1933 ஏப்பிரல் 7ஆம் நாள் வந்த சட்டம் அவர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கத் தொடங்கிற்று. போர்முனையில் நின்றவர்களுக்கு மட்டும் முதலில் விலக்கு அளித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்த விலக்கும் பறிபோயிற்று.

1935 செப்டம்பர் 15ஆம் நாள், நூரெம்பர்க் நகரில் நாசிக் கட்சியின் மாநாட்டின்போது நாடாளுமன்றத்தை அங்கேயே கூட்டி இரண்டு சட்டங்களை நிறைவேற்றினார்கள். ஒன்று குடியுரிமைச் சட்டம். அது நாட்டு மக்களை இரு வகையாகப் பிரித்தது. அரசின் ஆளுகைக்கு உட்பட்டவர் ஒரு வகை. அரசியல் உரிமைகள் முழுவதும் உடைய குடிமக்கள் மற்றொரு வகை. ஜெர்மன் குருதியோ அதனை ஒத்த குருதியோ உடையவர்கள்தாம் இரண்டாம் வகையிற் சேர முடியும். மற்றச் சட்டம் 'குருதியையும் மானத்தையும் காக்கும்' சட்டம். யூதரும் ஜெர்மானியரும் மணந்துகொள்வதை அது தடுத்தது. 45 வயதுக்கு உட்பட்ட ஜெர்மானியப் பெண்கள் யூதர் வீடுகளில் பணிப்பெண்களாக இருப்பதையும் தடுத்தது.

சட்டம் எழுதியாயிற்று. ஆனால் யார் யூதர்? இந்த எளிய கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 14ஆம் நாள், அதற்கென ஓர் ஆணை வெளியாயிற்று. தந்தை வழியிலும் தாய் வழியிலுமாக ஒருவனுக்கு நான்கு பாட்டன் பாட்டியர். அவர்களுள் மூவரோ நால்வரோ யூதராயின் அவன் யூதன். இருவர் யூதராயின் கலப்பினத்தான். எனினும் அவன் யூத சமயத்தைச் சேர்ந்திருந்தாலோ யூதரை மணந்திருந்தாலோ யூதனாகவே கொள்ளப்படுவான். ஒருவர் மட்டும் யூதராயின் இரண்டாம் தரக் கலப்பினத்தான். இவ்வாறு கணக்குப் போட்டார்கள்.

அந்தப் பாட்டன் யூதர் என்பதை எப்படி அறிவது? இங்கேதான் அச்சட்டத்தின் பொய்ம்மை வெளிப்படுகிறது. குருதியைச் சோதித்து இனத்தைக் காட்டும் அறிவியல் எதுவும் அவர்களிடம் இல்லை. பாட்டன் யூத சமய சபையில் உறுப்பினராக இருந்திருந்தால் அவர் யூதரே என்று ஆணை கூறிற்று. அதாவது, குருதி என்று பேசத் தொடங்கிய சட்டம் கோயிற் பதிவேட்டில் வந்து நின்றது. பேரன் கிறித்தவனாக இருக்கலாம். எச்சமயமும் இல்லாதவனாக இருக்கலாம். அவனுடைய பாட்டன் எங்கே தொழுதார் என்பதைக் கொண்டு அவன் உடம்பில் ஓடும் குருதியை முடிவு செய்தார்கள். நாடெங்கும் மக்கள் மாதா கோயில்களுக்கும் பதிவு அலுவலகங்களுக்கும் அலைந்து, மூதாதையர் பெயர்களைத் திரட்டி, சான்றேடுகளில் முத்திரை பெற்று வைத்துக்கொண்டனர். அஞ்ச வேண்டாதவரும் அஞ்சிச் சான்று தேடிய காலம் அது.

இதன் பின் ஒவ்வொரு படியும் ஒழுங்காக, அரசிதழில் அறிவித்தே நிகழ்ந்தது. சில நாட்களில் ஜிப்சி மக்களும் இவ்வாணைகளின் கீழ் வந்தனர். 1938இல் யூதர் தம் பெயருடன் ஆண்களாயின் 'இஸ்ரேல்' என்றும், பெண்களாயின் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது; கடவுச்சீட்டுகளில் அடையாள எழுத்து ஒன்றையும் பொறித்தார்கள். 1941 நவம்பரில் வந்த ஆணையோ, நாட்டுக்கு வெளியே வாழும் யூதர் தம் நாட்டுரிமையை இழப்பர் என்றும், அவர்தம் உடைமை அரசைச் சேரும் என்றும் விதித்தது. அவர்கள் விரும்பியா வெளியே சென்றனர்? அரசே அவர்களைப் புகைவண்டியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பியது. வண்டி எல்லையைத் தாண்டிய நொடியில் அவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் ஆயினர். கேட்பதற்கு ஓர் அரசு இல்லாத மனிதரை என்ன செய்தாலும் கேட்பார் யார்? ஐரோப்பா முழுவதிலுமாக ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்.

நாசிகள் முதலில் குடிமகனைக் கொன்றனர். மனிதனைக் கொன்றது பிறகே. முதற் கொலையைச் செய்தவர்கள் எழுதுகோல் பிடித்த சட்டம் கற்றோர். அச்சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவரான ஆன்ஸ் குளோப்கே, போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அலுவலகத்தில் 1953 முதல் 1963 வரை உயர்பதவி வகித்தார். அந்நாட்டிலிருந்து தப்பிப் பல ஆண்டுகள் நாடற்றவராகத் திரிந்த அறிஞர் அன்னா ஆரெண்ட், 1951இல் வெளிவந்த தம் நூலில் இதனையே ஆராய்ந்தார். மற்ற உரிமைகளுக்கெல்லாம் முற்பட்ட உரிமை ஒன்று உண்டு; ஏதேனும் ஓர் அரசியற் சமுதாயத்தில் தனக்கென ஓர் இடம் பெற்றிருத்தலே அது என்பது அவர் கண்ட உண்மை.

நம் நாட்டில் எழுதிய சட்டம்

'கொடுமை ஐரோப்பாவுக்கு உரியது. நமக்கு அதனோடு தொடர்பில்லை' என்று நாம் அமைதியுறுவதற்கு முன் நம் மண்ணைச் சற்று நோக்குதல் வேண்டும். நூரெம்பர்க் சட்டங்களுக்கு 64 ஆண்டுகள் முன்பே, 1871இல், இந்தியாவில் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. முதலில் வடநாட்டில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்தையும் தழுவியது. சித்தூர் மாவட்டம் உருவானதும் அதே 1911ஆம் ஆண்டில்தான்.

அச்சட்டத்தின் கருத்து இது: நெசவாளன் மகன் நெசவாளன் ஆவதுபோல், தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல், திருடன் மகன் திருடன் ஆவான், ஆகவே சில சாதிகள் பிறவியிலேயே குற்றவாளிகள். ஒரு கூட்டத்தை அரசு அவ்வாறு அறிவித்துவிட்டால் அவ்வறிவிப்பைக் குறித்து எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. அக்கூட்டத்தில் பிறந்தவர் பெயரைப் பதிந்து, விரல் ரேகையைப் பதிந்து வைப்பார்கள். மதுரைச் சீமையில் மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் வந்து நிற்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் சட்டம் இடமளித்தது. 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிரிழந்தோருள் ஒரு பெண்ணும் உண்டு.

இச்சட்டத்தின் கீழ் வந்தவர்களுள் தமிழில் குறவர் என்றும் தெலுங்கில் எருகுலர் என்றும் பெயர் பெற்றோர் முக்கியமானவர். சித்தூர் மாவட்டத்துக்கு இவர்கள் புதியவர் அல்லர். பாய் முடைந்தும், கூடை பின்னியும், குறி சொல்லியும் நம் தெருக்களில் வந்தவர்களே இவர்கள். அதற்கு முன் இவர்கள் எருதுகளின் முதுகில் பொதி ஏற்றி, கடற்கரை உப்பை உள்நாட்டுக்கும் உள்நாட்டுத் தானியத்தைக் கடற்கரைக்கும் கொண்டு சென்ற வணிகர். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. பாதை மேலும் நீண்டது. உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் எருதுகளும் மாண்டன. தொழில் இழந்து அலைந்த மக்களைப் பார்த்து, 'ஏன் அலைகிறாய்?' என்று கேட்க வேண்டிய அரசு, 'உன் பாட்டனும் அலைந்தவன்தானே?' என்று கேட்டது. வரலாறு செய்த கேட்டைப் பிறப்பின் மேல் ஏற்றிற்று. குறமகள் வள்ளியைத் திருத்தணியில் தெய்வமாகத் தொழும் நாம், குறமக்கள் காவல் நிலைய வாயிலில் இரவில் வரிசையாக நின்றதைக் கண்டும் காணாதவர் போல் நடந்தோம். இதனை ஒப்புக்கொள்ளாமல் மேலே செல்லுதல் நேர்மை ஆகாது.

விடுதலைக்குப் பின் இச்சட்டத்தை ஆராய 1949இல் அமைந்த குழுவின் தலைவர், திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891இல் பிறந்த மாடபூஷி அனந்தசயனம் அய்யங்கார் ஆவார். பின்னாளில் மக்களவைத் தலைவராக விளங்கியவர் இவரே. 1950இல் அளித்த அறிக்கையில் குழு இச்சட்டத்தை நீக்குமாறு பரிந்துரைத்தது. 1952 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு முழுவதும் சட்டம் நீங்கிற்று. குற்றப் பரம்பரையினர் என்னும் பெயர் 'சீர்மரபினர்' என மாறியது. அந்நாளை அம்மக்கள் இன்றும் தம் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். நாடு விடுதலை பெற்ற பின்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற விடுதலை அது.

ஆயினும் சட்டத்தின் இடத்தைப் 'பழகிய குற்றவாளிகள்' பற்றிய சட்டங்கள் பிடித்துக்கொண்டன. கொள்கை அளவில் இவை பிறப்பைப் பாராமல் செயலைப் பார்ப்பவை; அது பெரிய மாற்றமே. ஆனால் நடைமுறையில் காவலரின் பழைய பதிவேடும் ஊராரின் பழைய ஐயமும் அவ்வளவு விரைவில் மறையவில்லை. நம் ஊரில் ஒரு வீட்டில் வெண்கலச் செம்பு காணாமற் போனால், முதலில் யாருடைய குடிசையை நோக்கி நம் கண்கள் சென்றன என்பதை நாமே நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

கடலுக்கு அப்பால் எழுதிய சட்டம்

மூன்றாவது சட்டம் நம்மவர்மீது பாய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கூட்டங் கூட்டமாகக் கண்டிச் சீமைக்குச் சென்றனர். முதலில் காப்பித் தோட்டம். பின்னர்த் தேயிலைத் தோட்டம். அத்தீவின் செல்வத்தில் பெரும் பகுதி அவர்கள் முதுகில் சுமந்த கூடைகளிலிருந்து வந்தது.

1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் எண் சட்டமாக இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இதனைச் சான்று காட்டி நிறுவ வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்கே பிறப்புச் சான்று அரிதாயிருந்த காலத்தில், பூட்டனின் பிறப்புச் சான்றுக்குக் கூலித் தொழிலாளி எங்கே போவான்? 1949இல் வந்த மற்றொரு சட்டம் பதிவு மூலம் குடியுரிமை பெற ஒரு வழி காட்டிற்று. வழி மிகவும் குறுகியது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமக்கள் அல்லாதாரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. 1947 தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் ஊமைகளாக நின்றனர். பதிவுக்கு விண்ணப்பித்தோர் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர்; 1964க்குள் குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே.

1964 அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்பது கணக்கு. அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது. 1974இல் அந்த எஞ்சியவரையும் பாதிக்குப் பாதியாகப் பிரித்தனர். மூட்டைகளைப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்ட இக்கணக்கில், அம்மனிதரை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல்கள் வந்தன. தாம் பிறவாத ஊருக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்னும் பெயருடன் பலர் வந்து இறங்கினர். நீலகிரியில் அவர்களுக்கென 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் அமைத்தது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் குடியுரிமை வழங்கின. பறித்ததைத் திருப்பித் தர 55 ஆண்டுகள் ஆயின.

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத பாடம் ஒன்று உண்டு. 1948இல் அத்தீவின் வடபகுதித் தமிழர் பலர், 'இது தோட்டத் தொழிலாளர் பிரச்சினை, நம் பூட்டன் இங்கே பிறந்தவன், நமக்கென்ன?' என்று கருதினர். அக்கருத்தை மறுத்து, இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என எச்சரித்தவர் சா. ஜே. வே. செல்வநாயகம். அவர் பழைய கட்சியிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் புதுக் கட்சி கண்டார். 1956இல் சிங்களமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தபோது, அவர் எச்சரிக்கையின் பொருள் எல்லார்க்கும் விளங்கிற்று.

எண்ணுவது குற்றமா?

இம்மூன்று சட்டங்களும் ஒரே அளவினவல்ல. நாசிச் சட்டம் கொலைக்களத்தில் முடிந்தது. மற்றவை அவ்வாறு முடியவில்லை. மூன்றும் ஒன்றே எனச் சொல்லுதல் இறந்தோர்க்கு இழைக்கும் அநீதி. எனினும் மூன்றிலும் உள்ள கேள்வி ஒன்றே. பாட்டன் யார் என்பதே அது.

இங்கே ஒரு தடை எழலாம். 'அப்படியாயின் நம் அரசும் சாதியைக் கேட்கிறதே, பள்ளியில் சேரும்போது சான்றிதழ் கேட்கிறதே, மக்கள் கணக்கெடுப்பில் தாய்மொழியைக் கேட்கிறதே, இவையும் குற்றமா?' என்று சிலர் வினவக் கூடும். தக்க வினாவே இது. எந்த வகைப்பாடும் கூடாது என்று சொல்லிவிட்டால் பேச்சு எளிதாக முடிந்துவிடும். ஆனால் நீதி முடியாது. பல நூறு ஆண்டுகள் பிறப்பின் பெயரால் ஒதுக்கியவர்க்கு ஈடு செய்ய விரும்பும் அரசு, யாரை ஒதுக்கினோம் என்று அறிந்துதானே ஆக வேண்டும்? குற்றவாளிப் பட்டியலில் இருந்த எருகுலர் ஆந்திரத்தில் பழங்குடியினர் பட்டியலில் இடம் பெற்றுள்ளனர். இரண்டும் பட்டியலே. முதற் பட்டியல் அவர்களைக் கல்விச்சாலையிலிருந்து காவல் நிலையத்துக்கு இழுத்தது. இரண்டாம் பட்டியல் காவல் நிலைய வாயிலிலிருந்து கல்விச்சாலைக்கு அழைக்கிறது.

ஆகவே, அரசு ஒருவனுடைய பிறப்பைக் கேட்கும்போது நாம் நோக்க வேண்டியவை இரண்டு. கேட்பது அவனுக்குரியதைத் தருவதற்கா, அவனிடம் உள்ளதைப் பறிப்பதற்கா என்பது ஒன்று. அரசின் முடிவு தவறெனில் அதனை மறுத்து வழக்காட அவனுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறதா என்பது மற்றொன்று. குற்றப் பரம்பரைச் சட்டம் அக்கதவை வெளிப்படையாகவே அடைத்தது. இலங்கைச் சட்டம் கிடைக்க முடியாத சான்றைக் கேட்டு அடைத்தது. நாசி ஆட்சியில் நீதிமன்றமே சட்டத்தின் கைக்கருவியாயிற்று.

இதனை நம் மாவட்டத்து வரலாறும் ஒருவாறு விளக்கும். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் வட எல்லைக்காகக் கிளர்ந்தெழுந்து போராடினர். பட்டாஸ்கர் நடுவராக நின்று, ஊரை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் பேசும் மொழியையும் நில இணைப்பையும் நோக்கி எல்லை வகுத்தார். 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துக்குச் சென்றது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. அன்று இருபுறத்தும் கண்ணீர் விட்டோர் உண்டு. நாம் எந்த மொழியினர் என்று நம்மையும் எண்ணினார்கள். ஆனால் அந்த விடியலில் ஒருவர்கூடத் தம் வாக்குரிமையை இழக்கவில்லை. 'உன் பூட்டன் தெலுங்கனா?' என்று எந்த அலுவலரும் நம் திண்ணையில் வந்து கேட்கவில்லை. ஊர் எந்தத் தலைநகருக்கு உரியது என்பது மாறிற்று; மனிதன் நாட்டுக்கு உரியவன் என்பது மாறவில்லை. சிறுபான்மை மொழியினர் தம் மொழியைக் காக்கவும், தம் மக்களுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறவும் அரசியலமைப்பு இடம் தந்தது. அந்த இடத்தில் நின்றுதான் இங்கே நாம் தமிழ்ச் சங்கம் நடத்துகிறோம். எல்லைக் கோட்டின் இழப்பைத் தாங்க நமக்கு வலிமை தந்தது, அதனினும் பெரிய ஓர் உடைமை நம் கையில் இருந்ததே ஆகும்.

நம் கடமை

அவ்வுடைமை என்றும் தானே நிலைக்கும் என்று நாம் எண்ணிவிடலாகாது. 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டம் இம்மண்ணிற் பிறந்தாரைப் பெரும்பாலும் பிறப்பினாலேயே குடிமக்களாக ஏற்றது. 1987 சூலை முதல் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் முதல் அந்த நிபந்தனை மேலும் இறுகிற்று. ஒரு நாட்டுக்குத் தன் வாயிலைக் காக்கும் உரிமை உண்டு. புதிதாய் வருவோர்க்கு நெறி வகுக்கும் உரிமையும் உண்டு. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாயிலைக் காப்பது வேறு; வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளையை நோக்கி 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்பது வேறு. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்தோரின் பிள்ளைகள் பலர், தமிழக முகாம்களில் பிறந்து, தமிழகப் பள்ளிகளிற் பயின்று, எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இன்றி வளர்ந்துள்ளனர். அவர்களுடைய நிலையை எண்ணும்போது, மேற்கண்ட வரலாறு முற்றும் முடிந்துவிட்டது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சட்டத்தை ஆக்குவோர் நாம் அல்லேம். எனினும் சட்டம் வேர்விடும் மண் நம் மனமே. பாட்டனைக் கேட்கும் சட்டம் தலைநகரில் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே பாட்டனைக் கேட்கும் பழக்கம் தெருவில் தோன்றிவிடுகிறது. வீடு வாடகைக்கு விடும்போது, பந்தியில் இலை போடும்போது, பெண் கேட்டு வரும்போது, வேலைக்கு ஆள் வைக்கும்போது நாமும் அக்கேள்வியைக் கேட்கிறோம். ஜெர்மானியரும் முதலில் அண்டை வீட்டானைத்தான் அவ்வாறு கேட்டிருப்பர். அவர்களுடைய அரசு அக்கேள்வியைச் சட்டத்தில் எழுதியபோது பலர்க்கு அது புதியதாகத் தோன்றவில்லை.

திருச்சானூரில் பிறந்த ஒருவர் தலைமையேற்ற குழு, தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கள்மீது கிடந்த பழியைச் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்க வழி செய்தது. அதனை நம் மாவட்டத்தின் பெருமையாக நாம் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ள வேண்டும். ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய பழியை நம் பேச்சிலிருந்து நீக்கும் பணியை எந்தக் குழுவும் நமக்காகச் செய்து தர இயலாது. பாய் விற்க வரும் பெண்ணைத் திண்ணையில் அமர்த்தித் தண்ணீர் தருவதும், அவள் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே வகுப்பில் அமர்வதை இயல்பாக ஏற்பதும் சிறிய செயல்களே. வள்ளுவர் குடிமைக்குச் சொன்ன அடையாளங்களும் இத்தகைய சிறிய செயல்களாகவே உள்ளன. அவ்வடையாளங்கள் நம்மிடம் உள்ளனவா என்று பிறர் நம்மை அளக்கட்டும். நம் பாட்டனைப் பற்றி அவர்கள் கேட்க வேண்டியதில்லை.